நகை அடகுக்குப் போகும் முன்... 40 பாட்டில் விற்றுப் பாருங்கள்!

புதிய தொழிலில் இறங்கும் விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு வெள்ளோட்டக் கணக்கு

ஐப்பசி மாதம். மானாவாரிக் கடலையைப் பிடுங்கி, ஆய்ந்து, மழைக்கும் வெயிலுக்கும் நடுவே ஒருவழியாகக் காய வைத்து மூட்டை பிடித்தாகிவிட்டது. வியாபாரி வந்து ஒரு விலையைச் சொல்லிவிட்டுப் போகிறார். அதே வாரம் டவுனுக்குப் போன இடத்தில், ‘மரச்செக்குக் கடலை எண்ணெய், லிட்டர் 380 ரூபாய்’ என்று ஒரு கடை வாசலில் எழுதிப் போட்டிருக்கிறது. அன்று இரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. ‘நம்ம கடலையை நாமே ஆட்டி வித்தா என்ன?’

நல்ல கேள்விதான். ஆனால், அதற்கு அடுத்து நடப்பதில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. செக்கு மெஷினுக்கு விலை கேட்கிறார்கள். கூட்டுறவு வங்கியில் நகையை வைக்கிறார்கள். தகரக் கொட்டகை போடுகிறார்கள். மும்முனை மின்சாரத்துக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். எல்லாம் முடிந்து, முதல் எண்ணெய் வழிந்த பிறகுதான், ‘இதை யார் வாங்குவாங்க?’ என்ற கேள்வி வருகிறது. முதலில் கேட்க வேண்டியது கடைசியில் வருகிறது. அதற்குள் நகை உள்ளே போயிருக்கும்.

புது ரக விதை வந்தால் எந்த விவசாயியும் மொத்த நிலத்திலும் போடுவதில்லை. ஒரு பாத்தியில் போட்டுப் பார்த்து, மகசூலைப் பார்த்து, பிறகுதான் அடுத்த பட்டத்தில் பரப்பைக் கூட்டுவார். வயலில் இருக்கும் இந்த நிதானம் தொழில் தொடங்கும்போது மட்டும் ஏன் இல்லாமல் போகிறது? தொழிலுக்கும் ஒரு பாத்தி உண்டு. அதை எப்படிப் போடுவது என்பதைக் கடலை எண்ணெயையே உதாரணமாக வைத்துப் பார்க்கலாம். முறுக்கு, முருங்கைப்பொடி, காளான், நாட்டுக்கோழி என எதற்கும் இதே வழிதான்.

தெரிந்தது எது, நம்புவது எது?

திருவண்ணாமலைப் பக்கம் 2 ஏக்கர் மானாவாரியில் கடலை போடும் ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். கணவன், மனைவி, வயதான மாமியார், கல்லூரிக்குப் போகும் மகன். செக்கு வாங்கலாம் என்று கணவர் முடிவெடுத்துவிட்டார். “ஏங்க, மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி கூலிக்குக் குடுத்து ஆட்டி, வித்துப் பாக்கலாமே” என்கிறார் மனைவி. “அதுக்கெல்லாம் நேரம் ஏது? தீபாவளி சீசன் போயிடும்” என்கிறார் கணவர்.

இருவர் சொல்வதும் நியாயம்தான். இந்த இடத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, இந்தத் தொழில் ஜெயிக்க என்னென்ன உண்மையாக இருக்க வேண்டும் என்று எழுத வேண்டும்.

1. நம் கடலையில் எதிர்பார்த்த அளவு எண்ணெய் இறங்கும்.
2. லிட்டர் 380 ரூபாய்க்கு நம்மிடமும் வாங்குவார்கள்.
3. வாங்கியவர்கள் தீர்ந்ததும் மறுபடி கேட்பார்கள்.
4. இரண்டு, மூன்று மாதம் வரை எண்ணெய் காறாது.
5. மாடு, கழனி வேலையோடு இதையும் வீட்டு ஆட்களே பார்த்துக்கொள்ள முடியும்.

ஐந்தில் ஒன்றுகூட அந்தக் குடும்பத்துக்கு உறுதியாகத் தெரியாது. எல்லாமே நம்பிக்கை. இதில் எது பொய்த்தால் மொத்தமும் கவிழும் என்று பார்க்க வேண்டும். எண்ணெய் கொஞ்சம் குறைவாக இறங்கினால் சமாளிக்கலாம். ஆனால், அந்த விலைக்கு ஆள் இல்லை என்றால், வாங்கியவர் திரும்பி வரவில்லை என்றால், எவ்வளவு நல்ல செக்கு இருந்தும் பயனில்லை. ஆகவே இரண்டாவதையும் மூன்றாவதையும்தான் முதலில் சோதிக்க வேண்டும். அதற்குச் சொந்தச் செக்கு தேவையே இல்லை. கூலிக்கு ஆட்டித் தரும் செக்குகள் இன்று பல ஊர்களில் இருக்கின்றன.

உறவுக்காரர்கள் சொல்வது கணக்கில் வராது

சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கு அரை லிட்டர் கொடுத்து, “எப்படி இருக்கு?” என்று கேட்பதுதான் பலர் செய்யும் சோதனை. “அருமை” என்றுதான் பதில் வரும். இலவசமாக வந்த எண்ணெயைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரி. ஆனால், அந்தச் சோறு அதே பானையில் இருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கப்போகிறவர் ஒரு பானை, மச்சானும் மாமனும் வேறு பானை.

இந்த உண்மையைக் கோயம்புத்தூர் அருணாச்சலம் முருகானந்தம் அளவுக்குப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் குறைவு. குறைந்த விலையில் சானிட்டரி நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கி, 2016-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர் அவர். 1998-ல் பஞ்சை வைத்து முதல் நாப்கினைச் செய்தபோது, வீட்டுப் பெண்களிடம்தான் கருத்துக் கேட்டார். ஒரு கருத்துக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. சகோதரிகள் பேசவே தயங்கினார்கள். பிறகு மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் கொடுத்து, படிவத்தில் எழுதித் தரச் சொன்னார். அங்கேயும் சிலரே எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தது தெரிய வந்தது. கடைசியில் கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி, நாப்கினைத் தானே கட்டிக்கொண்டு நடந்தும் சைக்கிள் ஓட்டியும் சோதித்தார். ஊர் கேலி பேசியது. ஆனால், பஞ்சு தாங்காது என்பது அப்போதுதான் உறுதியானது. பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துவது பஞ்சு அல்ல, மரக்கூழில் இருந்து எடுக்கும் செல்லுலோஸ் என்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் ஆனது. அதற்குப் பிறகுதான் இயந்திரத்தை வடிவமைத்தார்.

பஞ்சு நாப்கினை ‘நல்லா இருக்கு’ என்று யாராவது மரியாதைக்குச் சொல்லி, அவரும் அதை நம்பிக் கடன் வாங்கி உற்பத்தியைத் தொடங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வாயால் சொல்வது வேறு, பயன்படுத்திக் காட்டுவது வேறு. பயன்படுத்துவதைப் பார், வாய் வார்த்தையை வைத்து முடிவெடுக்காதே என்பதுதான் அவர் அனுபவம் சொல்லும் பாடம். எண்ணெய் விற்பவருக்கு அந்தப் ‘பயன்படுத்துதல்’ என்பது, காசு கொடுத்து வாங்குவதும் காலியானதும் மறுபடி வாங்குவதும்தான்.

150 கிலோ காய் போதும்

உதாரணக் குடும்பத்தின் வெள்ளோட்டத்துக்கு 150 கிலோ காய்ந்த கடலைக்காய் போதும். உடைத்தால் நூற்றுக்கு 65 முதல் 70 பங்கு பருப்பு கிடைக்கும். சொத்தை, பூஞ்சணம் பிடித்தது, சுருங்கியது எல்லாவற்றையும் பொறுக்கிய பிறகு 100 கிலோ பருப்பு தேறும் என்று வைத்துக்கொள்ளலாம்.

பொறுக்கும் வேலையில் சோம்பல் கூடாது. மழையில் நனைந்து சரியாகக் காயாத கடலையில் பூஞ்சணம் பிடித்து, அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உருவாகும். அது எண்ணெயிலும் வரும், பிண்ணாக்கிலும் இருக்கும். அந்தப் பிண்ணாக்கைக் கறவை மாட்டுக்கு வைத்தால் பால் வரைக்கும் போகும். மாமியார் முறத்தை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து பொறுக்குகிற அந்த ஒரு நாள்தான் எண்ணெயின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

100 கிலோ பருப்பை மரச்செக்கில் ஆட்டினால் சுமார் 40 கிலோ எண்ணெய் இறங்கும். எண்ணெய் தண்ணீரைவிட எடை குறைவு. ஆகவே 40 கிலோ என்பது ஏறக்குறைய 44 லிட்டர். இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துத் தெளிய விட்டு, வண்டல் நீக்கி வடிகட்டினால் 42 லிட்டர் நிற்கும். பிண்ணாக்கு 55 கிலோ வரும். இதெல்லாம் பொதுவான அளவுகள். ரகம், காய்ச்சல், செக்கு ஆகியவற்றைப் பொறுத்துக் கூடும், குறையும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சோதனை.

42 லிட்டரில் 40 லிட்டர் விற்பனைக்கு. 1 லிட்டர், வாங்க யோசிப்பவர்களுக்குக் கொடுக்க 100 மில்லி சாம்பிள் பாட்டில்களில். மீதி 1 லிட்டர், வீட்டு அலமாரிச் சோதனைக்கு.

அலமாரிச் சோதனை எளிது. ஒரு பாட்டிலை இருட்டான அலமாரியில், ஒன்றை வெளிச்சம் படும் ஜன்னலோரம், ஒன்றை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஆட்டிய தேதியை எழுதி ஒட்டி, வாரம் ஒருமுறை திறந்து முகர்ந்து பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். வெளிச்சம், காற்று, ஈரம் மூன்றும் எண்ணெயைக் காற வைக்கும். சரியாகக் காயாத பாட்டிலில் இருக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போதும். எத்தனை வாரத்தில் வாடை மாறுகிறது என்று தெரியாமல் லேபிளில் பயன்பாட்டுக் காலத்தை எழுதுவது, தெரியாத கிணற்றில் குதிப்பது போன்றது. மூக்குக்குத் தெரிவது முதல் கட்டம்தான். லேபிளில் போடும் காலத்தைப் பரிசோதனைக்கூட அறிக்கையோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

வீட்டுக்கூலியையும் எழுத வேண்டும்

கீழே உள்ளது ஒரு மாதிரிக் கணக்கு. விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். அவரவர் ஊர் விலையைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கடலைக்காய் 150 கிலோ (கிலோ 70 ரூபாய்): 10,500
உடைக்க, சுத்தம் செய்ய: 800
செக்குக் கூலி (100 கிலோ பருப்பு, கிலோவுக்கு 15 ரூபாய்): 1,500
வண்டி வாடகை: 500
பாட்டில், மூடி, லேபிள் (40-க்கு): 600
விற்கப் போய்வரும் செலவு: 800
வீட்டு ஆட்கள் உழைப்பு 4 நாள் (நாளுக்கு 400 ரூபாய்): 1,600
மொத்தச் செலவு: 16,300 ரூபாய்
பிண்ணாக்கு வரவு (55 கிலோ, கிலோ 40 ரூபாய்): 2,200
நிகரச் செலவு: 14,100 ரூபாய்

இதை 40-ஆல் வகுத்தால், ஒரு லிட்டரின் அடக்க விலை 352 ரூபாய் 50 காசு.

இந்தக் கணக்கில் பலர் இரண்டு வரிகளை விட்டுவிடுவார்கள். ஒன்று, ‘நம்ம வீட்டுக் கடலைதானே’ என்று காயின் விலை. வியாபாரியிடம் போட்டிருந்தால் 10,500 ரூபாய் கையில் வந்திருக்கும். ஆகவே அது செலவுதான். இன்னொன்று, ‘நாமதானே செய்யறோம்’ என்று வீட்டு உழைப்பு. அந்த 4 நாளும் வேறு வேலைக்குப் போயிருந்தால் கூலி கிடைத்திருக்கும். பெரும்பாலும் இந்தக் கூலி பெண்களுடையது. கணக்கில் எழுதாவிட்டால், லாபம் வருவதாகத் தெரியும் தொழிலில் வீட்டுப் பெண்கள் சும்மா உழைத்துக்கொண்டிருப்பார்கள்.

லிட்டர் 380 ரூபாய்க்கு 40 லிட்டரும் விற்றால் 15,200 ரூபாய். லாபம் 1,100 ரூபாய். 350 ரூபாய்க்குப் போனால் 100 ரூபாய் நஷ்டம். ‘பக்கத்துக் கடையில் 320தான்’ என்று ஒருவர் பேரம் பேச, எல்லோருக்கும் அந்த விலைக்கே கொடுத்தால் 1,300 ரூபாய் நஷ்டம். கடை வாசலில் பார்த்த 380 ரூபாய் பெரிதாகத் தெரிந்தது. ஆனால், லிட்டருக்கு நிற்பது 27 ரூபாய் 50 காசுதான். இந்த ஒரு எண்ணைத் தெரிந்துகொண்டதே வெள்ளோட்டத்தின் முதல் வருமானம்.

40 வீடு, ஒரு நோட்டு

அடுத்து விற்பனை. சொந்தக்காரர்களைத் தவிர்த்து, முன்பின் பழக்கம் இல்லாத வீடுகளாகப் பார்த்து 40 பாட்டில்களையும் விற்க வேண்டும். ஆசிரியர் குடியிருப்பு, வங்கி ஊழியர்கள், டவுனில் இரண்டு தெரு, ஒரு சிறிய மெஸ் என்று பிரித்துக்கொள்ளலாம். பாதிப் பாட்டில்களை ஒரு பகுதியில் 360 ரூபாய்க்கும், மீதியை இன்னொரு பகுதியில் 380 ரூபாய்க்கும் சொல்லிப் பார்க்கலாம். விலையால் எத்தனை பேர் விலகுகிறார்கள் என்பது அப்போது தெரியும்.

நோட்டில் குறிக்க வேண்டியவை: வாங்கியவர் பெயர், தேதி, விலை, மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் செலவாகும், இப்போது எந்த எண்ணெய் வாங்குகிறார். ‘வேண்டாம்’ என்றவர் சொன்ன காரணத்தையும் அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். “பொங்குது”, “வாசனை தூக்கலா இருக்கு”, “அரை லிட்டர் இருந்தா குடுங்க” என்று வரும் ஒவ்வொரு வார்த்தையும் காசு. அரை லிட்டர் கேட்டவர்கள் பத்துப் பேர் என்றால், பாட்டில் அளவை மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

கடன் கூடாது. ‘அப்புறம் தரேன்’ என்று எடுத்துப் போனதை விற்பனைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இதைவிட முக்கியமான ஒன்று, எந்த எண்ணிக்கை வந்தால் மேலே போவது, எது வந்தால் நிறுத்துவது என்பதை விற்பனைக்கு முன்பே எழுதி வைப்பது. ‘40-ல் 15 வீடாவது 45 நாளுக்குள் மறுபடி கேட்டால் இரண்டாவது சுற்று. 8-க்குக் கீழே போனால் நிறுத்தம். இடையில் நின்றால், விலை, பாட்டில் அளவு, விற்கும் இடம் மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றி இன்னொரு முறை.’ இப்படி எழுதிக் கணவன், மனைவி இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்தால்கூட நல்லதுதான். ஏனென்றால், ஆசை வந்த பிறகு 6 வீடுகூடப் பெரிய எண்ணாகத் தெரியும்.

ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. விலையையும் குறைத்து, பாட்டிலையும் மாற்றி, இடத்தையும் மாற்றினால், விற்பனை கூடியது எதனால் என்று தெரியாது.

சீசனும் ஏமாற்றும். தீபாவளிப் பலகாரத்துக்கு எண்ணெய் பறக்கும். அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. கார்த்திகை, மார்கழியில் இரண்டாவது சுற்று ஓட்டி, தீபாவளி இல்லாத மாதத்தில் எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும். கணவர் கவலைப்பட்ட தீபாவளி சீசனும் போகவில்லை. கூலிச் செக்கை வைத்தே அதைப் பிடித்துவிடலாம்.

சரி, செக்கு வாங்கலாமா?

இரண்டு சுற்றும் நன்றாகப் போனதாக வைத்துக்கொள்ளலாம். செக்கு, மோட்டார், கொட்டகை, மின் இணைப்பு எல்லாம் சேர்த்து 4 லட்சம் ரூபாய் என்றால், 11 சதவிகித வட்டியில் ஆண்டுக்கு 44,000 ரூபாய். பத்து ஆண்டு உழைக்கும் என்றால் தேய்மானம் ஆண்டுக்கு 40,000. ஆக 84,000 ரூபாய், மாதம் 7,000.

சொந்தச் செக்கு வந்தால் லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு செக்குக் கூலி மிச்சம். அதில் மின்சாரம், ஆள் செலவு 15 ரூபாய் போனால் 22 ரூபாய் 50 காசு நிற்கும். ஏற்கெனவே உள்ள 27 ரூபாய் 50 காசோடு சேர்த்தால் லிட்டருக்கு 50 ரூபாய். மாதம் 7,000 ரூபாயை ஈடுகட்ட 140 லிட்டர் விற்க வேண்டும். ஆண்டுக்கு 1,680 லிட்டர். அதற்கு 6,000 கிலோ காய் வேண்டும். மானாவாரி 2 ஏக்கரில் நன்றாக விளைந்தாலும் 1,300 கிலோவைத் தாண்டுவது கடினம்.

அதாவது, செக்கு வாங்கினால் அந்தக் குடும்பம் ‘தன் கடலையை ஆட்டி விற்கும் விவசாயி’யாக இருக்க முடியாது. வெளியில் கடலை வாங்கி ஆட்டும் வியாபாரியாக மாற வேண்டும். அது தவறு இல்லை. ஆனால், அது வேறு தொழில். வேறு முதல், வேறு ஆபத்து. மாறாக, அக்கம் பக்கத்தில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே செக்கைப் பயன்படுத்தினால் 6,000 கிலோ காய் எளிதாக வந்துவிடும். அல்லது, கூலிச் செக்கிலேயே தன் 1,300 கிலோவை ஆட்டி, சுமார் 350 லிட்டரை வருடம் முழுக்க வாடிக்கை வீடுகளுக்கு விற்கலாம். நகை பீரோவிலேயே இருக்கும்.

ஈமுவும் வெனிலாவும் சொன்ன பாடம்

சோதிக்காமல் இறங்கியதன் விலையைத் தமிழகம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. ஆஸ்திரேலியப் பறவையான ஈமுவை வளர்த்தால் மாதாமாதம் பணம், பறவையையும் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்ற வாக்குறுதியை நம்பி, கொங்குப் பகுதியிலும் வெளியிலும் ஆயிரக்கணக்கானோர் சேமிப்பைக் கொட்டினார்கள். 2012-ல் எல்லாம் சரிந்தது. கவனிப்பாரற்று நின்ற பறவைகளுக்கு அரசு தீவனம் போட வேண்டிய நிலை வந்தது. ‘இந்தக் கறியை நம் ஊரில் யார் வாங்கிச் சாப்பிடுகிறார்கள்? வாரம் எத்தனை கிலோ?’ என்று பக்கத்து டவுன் கறிக்கடைகளில் ஒரு நாள் விசாரித்திருந்தாலே விடை கிடைத்திருக்கும்.

வெனிலா இன்னொரு விதம். மடகாஸ்கரில் 2000-ல் அடித்த புயலுக்குப் பிறகு உலகச் சந்தையில் விலை ஏறி, 2003 வாக்கில் உச்சம் தொட்டது. அந்த விலையைப் பார்த்துக் கேரளம், கர்நாடகம், தமிழக மலையோரங்களில் பலர் கொடி நட்டார்கள். வெனிலா பூக்கவே மூன்று ஆண்டுபோல ஆகும். கையால்தான் மகரந்தம் சேர்க்க வேண்டும். காய் வரும்போது விலை பல மடங்கு சரிந்துவிட்டது. பயிர் பொய்க்கவில்லை. இன்றைய விலையை மூன்று வருடம் கழித்து வரும் விளைச்சலோடு பெருக்கிய கணக்குதான் பொய்த்தது.

மற்ற தொழில்களுக்குப் ‘பாத்தி’ எவ்வளவு?

முருங்கைப்பொடி: ஒரு கிலோ பொடிக்கு 8 முதல் 10 கிலோ பச்சை இலை போகும். முதலில் 10 கிலோ இலையை நிழலில் உலர்த்தி, எவ்வளவு பொடி வருகிறது, பச்சை நிறம் நிற்கிறதா, ஒரு மாதத்தில் கட்டி பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். உலர்த்தி வாங்குவது அதற்குப் பிறகு.

சிப்பிக்காளான்: பறித்த பிறகு சாதாரண வெப்பத்தில் ஒரு நாளுக்கு மேல் தாங்குவது கஷ்டம். ஆகவே குடில் கட்டும் முன்பே, தினமும் வாங்கும் வீடுகள், கடைகளின் பட்டியல் கையில் இருக்க வேண்டும். 10 படுக்கையில் தொடங்கி, விளைந்த அன்றே விற்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

நாட்டுக்கோழி: 25 குஞ்சில் தொடங்கி, தீவனம், வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி, இறப்பு எல்லாவற்றையும் எழுத வேண்டும். புரட்டாசியில் விற்பனை படுத்துவிடும், தீபாவளிக்குத் துள்ளும். இரண்டையும் பார்த்த பிறகே கொட்டகை.

எங்கே கேட்கலாம்?

உணவுப் பொருளை விற்பதானால், சோதனைதானே என்று சட்டத்தை விட்டுவிட முடியாது. சிறிய அளவில் வீட்டில் செய்பவருக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவை. சமையல் எண்ணெயை அடைத்து, லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும். லேபிளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த தேதி, பயன்பாட்டுக் காலம், அதிகபட்சச் சில்லறை விலை, பதிவு எண், புகாருக்கான தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும். அந்தந்தப் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரைக் கேட்டால் வழி சொல்வார்.

தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனத்திலும், கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் மதிப்புக்கூட்டலுக்கான பயிற்சியும் தொழில்முனைவோர் உதவி மையங்களும் இருக்கின்றன. சொந்தமாக இயந்திரம் வாங்கும் முன், இத்தகைய இடங்களில் உள்ள இயந்திரத்தில் மாதிரி உற்பத்தி செய்து பார்க்க முடியுமா என்று கேட்பது நல்லது. முதல் படியாக மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கு நேரில் ஒரு நடை போய்வரலாம்.

அடிக்கடி எழும் கேள்விகள்

‘மானியம் கிடைக்கும்போதே வாங்கிவிடலாமே, எதற்குச் சோதனை?’

2020-ல் தொடங்கிய பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில், தனிநபர் தொழிலுக்கு 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் என்று வகுக்கப்பட்டது. ஆனால், அது வங்கிக் கடனோடு சேர்ந்தது. 4 லட்சம் ரூபாய்த் திட்டத்தில் மானியம் 1,40,000 போக, மீதி 2,60,000 சொந்தக் காசும் கடனும்தான். மானியத் தொகையும் உடனே கையில் வராது. மூன்று ஆண்டுகள் தொழிலும் கடன் கணக்கும் ஒழுங்காக நடந்தால்தான் கடனில் கழியும். ஓடாத தொழிலை மானியம் ஓட வைக்காது. இப்போது எந்தத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம். வெள்ளோட்ட நோட்டும் கையில் இருந்தால் வங்கியில் பேசவும் தைரியம் வரும்.

‘சோதனைக்குப் போடக்கூடக் காசு இல்லையே?’

அளவைக் குறைக்கலாம். 30 கிலோ காய்க்கு 8 லிட்டர் வரும். முன்பணம் கொடுக்கும் எட்டு வீட்டை முதலில் பிடித்து, அதற்குப் பிறகு ஆட்டலாம். முன்பணம் தர எட்டு வீடுகூடச் சம்மதிக்கவில்லை என்றால், அதுவே ஒரு விடை. செலவில்லாமல் கிடைத்த விடை. மகளிர் சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து செய்தால் சுமை இன்னும் குறையும்.

‘வெளியே காட்டினால் அடுத்தவர் காப்பி அடிப்பாரே?’

கடலை எண்ணெயிலும் காளானிலும் ரகசியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்தவரால் எடுத்துக்கொள்ள முடியாதது, மறுபடி மறுபடி வாங்கும் அந்த 15 வீடுகளின் நம்பிக்கைதான். அதை முதலில் சம்பாதிப்பவர் முந்துவார்.

‘கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்கிறது, விற்கும் கவலை இல்லையே?’

கம்பெனி அதை யாருக்கு விற்கிறது என்று கேட்க வேண்டும். கடைசியில் அதைச் சாப்பிடுகிறவர், பயன்படுத்துகிறவர் யார் என்பதைக் கண்ணால் பார்க்கும் வரை முன்பணம் கட்டக் கூடாது. புதிதாகச் சேருகிறவர் கட்டும் பணம்தான் பழையவருக்கு வருமானமாகப் போகிறது என்றால், அங்கே தொழிலே இல்லை.

நோட்டு சொல்லும் முடிவு

வெள்ளோட்டத்தின் முடிவில் அந்தத் திருவண்ணாமலைக் குடும்பத்துக்கு மூன்றில் ஒன்று நடக்கலாம். மறுபடி கேட்கும் வீடுகள் பெருகி, நான்கு குடும்பங்களோடு சேர்ந்து செக்கு வாங்கலாம். கூலிச் செக்கிலேயே அளவாக நடத்தலாம். அல்லது, ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று கடலையை வியாபாரியிடமே போடலாம்.

மூன்றாவது முடிவையும் தோல்வி என்று சொல்ல முடியாது. லிட்டர் 320 ரூபாய்க்கு விற்க நேர்ந்து போனது 1,300 ரூபாய். சோதிக்காமல் இறங்கியிருந்தால் மாதம் 7,000 ரூபாய் வட்டியும் தேய்மானமுமாகப் போய்க்கொண்டே இருந்திருக்கும். வியாபாரி அடுத்த ஐப்பசியில் வந்து விலை சொல்லும்போதும், லிட்டருக்கு அடக்கம் எவ்வளவு, கிலோ காய்க்கு எந்த விலை கட்டுப்படியாகும் என்பது அந்த நோட்டில் இருக்கும். அதைப் பார்த்துப் பதில் சொல்லலாம்.